பேட்டைப் பட்டறையில் செய்து வாங்கிய தூர் அரைக்கும் மெஷின்

சீமைக்கருவேலை வெட்டிய காட்டில் ரொட்டவேட்டர் (பிளேடு சுழன்று மண்ணைக் கிளறுகிற டிராக்டர் கருவி) ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். மரம் நிற்கும்போது தொல்லை இல்லை. கண்ணுக்குத் தெரிகிறது, ஒதுங்கிப் போகலாம். விறகு வியாபாரி வந்து அறுத்து லோடு ஏற்றிப் போன பிறகுதான் வம்பு. மேலே புல் மூடியிருக்கும், அடியில் தூர், அதாவது வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, கிடக்கும். பிளேடு அதில் மோதினால் அதிர்ச்சி சீட்டில் இருப்பவன் முதுகெலும்பு வரைக்கும் ஏறும். பிளேடு வளையும், போல்ட் அறும், சில நேரம் கியர்பாக்ஸே போய்விடும். வாடகைக்கு ஓட்டுகிறவனுக்கு அன்றைய வருமானம் அதோடு சரி.

நான் திருநெல்வேலி மாவட்டம் மானூர்ப் பக்கம் டிராக்டர் வாடகைக்கு ஓட்டுகிறேன். வண்டி மாஸி 241, 42 குதிரைத்திறன். இந்தத் தூர்த் தொல்லைக்காகவே திருநெல்வேலிப் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி, டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற மாதிரி ஒரு ஸ்டம்ப் கிரைண்டர் செய்து வாங்கினேன். போன புரட்டாசியிலிருந்து ஓட்டுகிறேன். செவல், கரிசல், சரள் மூன்று மண்ணிலும் பார்த்தாயிற்று. "அது எப்படி இருக்கு, எங்களுக்கும் ஒண்ணு செய்யலாமா" என்று பலரும் கேட்பதால் மெஷினைப் பற்றியும் பட்டறையைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன். பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. அப்பா காலத்தில் கமலைக்கும் மாட்டுவண்டி அச்சுக்கும் வேலை பார்த்த இடம், இப்போது மகன் லேத்தும் வெல்டிங்கும் வைத்திருக்கிறார்.

ஜேசிபி இருக்கும்போது இது எதற்கு என்றுதான் முதலில் எல்லோரும் கேட்கிறார்கள். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலையை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது நம் பக்கம் எத்தனை ஜேசிபி ஓடியது என்று ஞாபகம் இருக்கும். தோண்டிய இடங்களை அப்புறம் போய்ப் பாருங்கள். ஒரு தூருக்கு மூன்றடி, நாலடிப் பள்ளம். மேல்மண் கீழே போய், கீழே கிடந்த சரள் மேலே வந்துவிட்டது. ஒரு முழம் கனத்துக்கு நல்ல மண் இருக்கிற மானாவாரிக் காட்டில் அப்படிச் செய்தால் அந்த இடத்தில் உளுந்து எழும்பவே எழும்பாது. பள்ளத்தை மூடினாலும் முதல் மழையில் உள்வாங்கும், டிராக்டர் சக்கரம் இறங்கும். குளத்துக்குள், புறம்போக்கில், ஒரே அடியாக ஏக்கர் கணக்கில் அழிக்கிற இடத்தில் ஜேசிபிதான் சரி. உழுகிற நிலத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை.

அதற்காகத் தூரை அப்படியே விடவும் முடியாது. சீமைக்கருவேல் தரைக்குச் சற்றுக் கீழே, வேர் பிரிகிற கழுத்தில், முளைக்கிற கண்களை வைத்திருக்கிறது. தரையோடு அறுத்தால் அந்தக் கண் அத்தனையும் விழித்துக்கொள்ளும். ஒரு மரம் இருந்த இடத்தில் பத்துப் பதினைந்து கம்பு கிளம்பும். அந்தக் கழுத்தை, தரைக்குக் கீழே ஒரு சாண் வரைக்கும் எடுத்துவிட்டால் மீதி வேர் மண்ணுக்குள்ளேயே மட்கிப் போகும். ஆக, தேவை நாலடிப் பள்ளம் இல்லை, ஒரு சாண். தூர் அரைக்கும் மெஷின் செய்வது அந்த ஒரு சாண் வேலையைத்தான்.

மெஷினின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பட்டறைக்காரரின் மூளை இதில்தான் தெரிகிறது. டிராக்டரின் பிடிஓ, அதாவது பின்னால் மாட்டுகிற கருவியைச் சுழற்றும் தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று. தூர் அரைக்கிற வட்டுக்கு அது போதாது. அதனால் மேலே ஒரு ஷாப்ட், அதில் 16 அங்குலப் புல்லி. கீழே ஒரு ஷாப்ட், அதில் 8 அங்குலப் புல்லி. நடுவில் சி ரக வி-பெல்ட் மூன்று. இப்போது வட்டு 1,080 சுற்று ஓடும். வட்டை இடமும் வலமும் அசைக்க வேண்டுமே, அப்போது பெல்ட் தளராதா என்று கேட்டேன். அதற்கு அவர் செய்ததுதான் அழகு. கீழ் ஷாப்டைத் தாங்குகிற கையை, மேல் ஷாப்டையே அச்சாக வைத்துத் தொங்கவிட்டார். கை எந்தப் பக்கம் ஆடினாலும் இரண்டு புல்லிக்கும் நடுவில் உள்ள தூரம் மாறாது, பெல்ட்டின் விறைப்பும் மாறாது. கடிகாரப் பெண்டுலம் போல வட்டு தூருக்கு மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வரும்.

கையை ஆட்டுவதற்கு, ஹைட்ராலிக் ரிவர்சிபிள் கலப்பை ஒன்றிலிருந்து கழற்றிய பழைய சிலிண்டர். அந்தக் கலப்பைக்காக என் வண்டியில் ஏற்கெனவே, சிலிண்டரை இரண்டு பக்கமும் தள்ளுகிற டபுள் ஆக்டிங் வால்வு போட்டிருந்ததால் அந்தச் செலவு மிச்சம். வால்வு இல்லாத வண்டிக்காரர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றி இறக்க டிராக்டரின் லிப்ட். முன்னும் பின்னும் நகர்த்த கிளட்ச். கட்டையை நோக்கி ரிவர்ஸில் விரல் கனம் நகர்த்துவது, ஒரு வீச்சு வீசுவது, மறுபடி விரல் கனம். இவ்வளவுதான் ஓட்டுகிற முறை.

வட்டு 25 மில்லி கனத் தகடு, 18 அங்குலக் குறுக்களவு. தனியாகவே 32 கிலோ எடை. இந்த எடை வேண்டும். பல் கட்டையில் இடிக்கும்போது வேகம் விழாமல் இழுத்துப் போவது இந்தக் கனம்தான். ஆனால் 32 கிலோ இரும்பு ஒரு பக்கம் கனமாக, மறுபக்கம் லேசாக இருந்து 1,080 சுற்று சுற்றினால் பேரிங்கும் தாங்காது, வெல்டிங்கும் தாங்காது. அதை அவர் சரிபார்த்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு ஆங்கிளைக் கூர்முனை மேலே இருக்கும்படி ஸ்டாண்டில் வைத்து, ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்தார். வட்டை ஷாப்டோடு அதன் மேல் வைத்து மெதுவாக உருட்டிவிட்டார். அது உருண்டு, தயங்கி, திரும்பி வந்து ஒரு இடத்தில் நின்றது. கீழே வந்து நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மறுபடி உருட்டல், மறுபடி அதே கோடு கீழே. அந்தப் பக்கத்தில் டிரில் வைத்துக் கொஞ்சம் இரும்பை எடுத்தார். உருட்டினார். எடுத்தார். கடைசியில் எங்கே விட்டாலும் விட்ட இடத்திலேயே நின்றது. கம்ப்யூட்டர் பேலன்சிங் எதுவும் இல்லை. ஆனால் இன்றைக்கும் முழு வேகத்தில் ஓடும்போது என் சீட்டில் அதிர்வு வருவதில்லை.

இந்த மெஷினின் உயிர் பல்லில்தான் இருக்கிறது. யாராவது இதைச் செய்ய நினைத்தால் மற்ற எதில் காசைக் குறைத்தாலும் பல்லில் குறைக்காதீர்கள். முதலில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அறுத்துத் தீட்டிய பல்லைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். வேம்பில் நன்றாகவே வெட்டியது. சீமைக்கருவேல் கட்டையில் வைத்ததும் முனை மழுங்கி, வெட்டுவதற்குப் பதில் தேய்க்க ஆரம்பித்தது. புகை வந்தது, தூள் வரவில்லை. "மண்ணுல வேலை செய்யுத பல்லுக்கு வைடியாதான் அண்ணாச்சி. மரத்தை விட மண்ணுதான் பல்லைத் திங்கும்" என்றார் பட்டறைக்காரர். உண்மைதான். தூரின் தோலில் ஒட்டியிருக்கிற மணலும் பொடிக்கல்லும்தான் இரும்பைத் தின்கிறது.

வைடியா என்பது டங்ஸ்டன் கார்பைடு. அதிலும் ரகம் பார்க்க வேண்டும். லேத்தில் இரும்பு கடைகிற பிட்டை வாங்கிப் போட்டால் சில்லுச் சில்லாகப் பெயரும். கோபால்ட் கூடுதலாகச் சேர்ந்த ரகம் கடினத்தில் கொஞ்சம் குறைவு, ஆனால் அடியைத் தாங்கும். நமக்கு வேண்டியது அது. அதை இஎன்8 இரும்புக் கட்டையில் வெங்காரம் போட்டுப் பித்தளையில் பற்றவைத்தார். பற்றவைத்து முடித்ததும் நான் வழக்கம்போலத் தண்ணீரில் முக்குவார் என்று நினைத்தேன். மாறாக, செக்கச்செவேல் என்றிருந்த பல்லை உலர்ந்த சாம்பல் நிறைந்த தகர டப்பாவுக்குள் புதைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். சூடு ஆறும்போது இரும்பு சுருங்குகிற அளவில் பாதிதான் வைடியா சுருங்கும். சட்டென்று ஆறினால் வைடியா வெடித்துவிடும். சாயங்காலம் டப்பாவைக் கவிழ்த்தபோதும் பல் கைச்சூட்டில் இருந்தது. விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டி, சத்தத்தைக் கேட்டு, ஒன்றை மட்டும் தனியே ஒதுக்கி வைத்தார். அதைத் திரும்பக் காய்ச்சிப் பற்றவைத்த பிறகுதான் மாட்டினார். அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

வட்டைச் சுற்றிப் பன்னிரண்டு பல். ஒன்று நேராக, ஒன்று இடம் சாய்ந்து, ஒன்று வலம் சாய்ந்து என்று மாறி மாறி இருப்பதால் வெட்டு வாய் வட்டின் கனத்தை விட அகலமாக விழும், வட்டு கட்டைக்குள் இறுகாது. பல்லை நேரடியாக வட்டில் வெல்டிங் வைக்கவில்லை, ஹை டென்சைல் போல்ட் இரண்டிரண்டு போட்டு முடுக்கியிருக்கிறார். வெல்டிங் வைத்தால் செலவு குறையுமே என்று கேட்டதற்கு, "பல்லு உடைஞ்சா அஞ்சு நிமிசத்துல மாத்திரலாம். வட்டுல வெல்டு வச்சு அது கீறல் விட்டா ஆளுக்குல்லா ஆபத்து" என்றார். வீட்டிலேயே செய்து பார்க்கிறவர்கள் இந்த ஒரு வார்த்தையை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல்லின் முனை போகிற வேகம் கிட்டத்தட்ட மணிக்கு நூறு கிலோமீட்டர். அந்த வேகத்தில் எது கழன்றாலும் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

இனி காட்டில் எப்படி என்று சொல்கிறேன். ஓர் அடி குறுக்களவுள்ள சீமைக்கருவேல் தூர், தரையோடு ஒட்ட அறுத்தது, செவல் மண்ணில் இருந்தால் கால் மணி நேரத்துக்குள் வேலை முடிகிறது. முதலில் மேல்பட்டை பறக்கும், அப்புறம் மஞ்சள் கலந்த சிவப்பில் தூள் கொட்டும். அந்தத் தூளின் வாசனை சற்றுப் புளித்த மாதிரி இருக்கும். தூளின் நிறம் மாறி மண் நிறம் கலக்கத் தொடங்கினால் கட்டையின் அடியைத் தாண்டுகிறோம் என்று அர்த்தம். முதல் அடுக்கில் ஐந்து அங்குலம்தான் இறங்கலாம், அதற்கு மேல் புல்லியின் கூடு தரையில் இடிக்கும். அந்த அடுக்கை முழுக்க எடுத்துப் பள்ளமாக்கிவிட்டு, திரும்ப முன்னால் வந்து இறக்கினால் இன்னும் மூன்று நான்கு அங்குலம் கிடைக்கும். மொத்தம் ஒரு சாண் சரியாக வந்துவிடும்.

வீசுகிற திசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓட்ட ஓட்டத்தான் பிடிபட்டது. டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் வட்டு கடிகாரச் சுற்றில் சுற்றும். வலமிருந்து இடமாகக் கையை நகர்த்தினால் பல் கீழிருந்து மேலாகச் சீவிக்கொண்டு வரும், மெஷின் அமைதியாக வேலை செய்யும். இடமிருந்து வலமாகப் போனால் பல் மேலிருந்து கட்டையில் இறங்கி, வட்டு தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். வண்டியே ஒரு குலுக்குக் குலுக்கும். அதனால் நான் இடப்பக்கமாக மட்டும்தான் வெட்டுகிறேன், திரும்புகிற வீச்சுக்கு லிப்டைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறேன். சிலிண்டருக்குப் போகிற எண்ணெயைக் குறைக்க ஒரு சின்ன ஃப்ளோ கன்ட்ரோல் வால்வு போட்டிருக்கிறார் பட்டறைக்காரர். சில நூறு ரூபாய் சாமான். அது இல்லாவிட்டால் கை ஒரே வீச்சில் போய்க் கட்டையில் அறைந்திருக்கும்.

ரொம்ப அழுத்திவிட்டால் பெல்ட் வழுக்கும், ரப்பர் வாடை வரும். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். பெல்ட் வழுக்காவிட்டால் அந்த அடி அத்தனையும் டிராக்டரின் கியர்பாக்ஸுக்குத்தான் போகும். பெல்ட்டுக்குப் பதில் செயின் போடலாமே என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

மெஷினின் அருமை உண்மையில் தெரிந்தது காட்டில் இல்லை, ஊருக்குள். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு ஆச்சி வீட்டு வாசலில் பெரிய வேப்ப மூடு. மரம் சாய்ந்து சுவரை இடிக்கும் என்று வெட்டிவிட்டார்கள். மூடு மட்டும் திண்ணைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. ஜேசிபி அந்தத் தெருவுக்குள்ளேயே வராது, வந்தாலும் வாளியைப் போட்டால் திண்ணையும் சேர்ந்து வரும். "ஏய்யா, குழா உடையாம எடுத்துருவியா? உடைஞ்சா ரெண்டு நாளைக்குத் தண்ணி இல்ல பாத்துக்க" என்று ஆச்சி கேட்டார். குழாய் போகிற இடத்தைக் கம்பியால் குத்திப் பார்த்து, அந்தப் பக்கம் ஒரு கை அளவு விட்டுவிட்டு மீதி முழுவதையும் அரைத்துக் கொடுத்தேன். சீமைக்கருவேலைப் பார்க்க வேம்பு மிருது, சோப்பைச் சீவுகிற சுகம். மறுநாள் ஆச்சி அந்த இடத்தில் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தார். பள்ளம் தோண்டாமல், சுவரை அசைக்காமல் தூரை எடுக்க இதை விட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

புளி வேறு மாதிரி. வெளிப்பக்கம் லேசு, உள்ளே போகப் போகக் கருத்த வைரம். அடி பெருத்த கிழட்டுப் புளி என்றால் ஒரு பொழுது போய்விடும், பல்லும் தேயும். வாடகை பேசும்போது புளி என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறேன்.

தென்னையும் பனையும்தான் இந்த மெஷினுக்குச் சரிப்படாதவை. தென்னையில் வெட்டு விழுகிறது, ஆனால் தூளாக வராமல் நாராக உரிந்து, ஷாப்டைச் சுற்றிக் கயிறு திரித்த மாதிரி இறுகிவிடும். நிறுத்தி நிறுத்தி அரிவாளால் அறுத்து எடுக்க வேண்டியிருக்கிறது. பனையில் வெளிச்சுற்று வைரம் பல்லை மழுக்கும், உள்ளே சோறு போலிருக்கிற நார் பெல்ட்டுக்குள் போகும். ஷாப்டின் இரண்டு பக்கமும் ஒரு நார்த்தடை வட்டு போட்டுத் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார், இன்னும் செய்யவில்லை. பனை விஷயத்தில் இன்னொன்று. பனை நம் மாநில மரம். வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் வேளாண் பட்ஜெட்டிலேயே அரசு சொல்லிவிட்டது. தூரை எடுக்கக் கூப்பிடுகிறவர்களிடம் மரத்தை எப்படி வெட்டினீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன். திசையன்விளைப் பக்கமிருந்து இரண்டு பேர் கூப்பிட்டார்கள். அனுமதி இல்லை என்றதும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் சாய்ந்த மரங்களின் தூர் ஆற்றங்கரைத் தோட்டங்களில் இன்னும் கிடக்கிறது. சேரன்மாதேவிப் பக்கம் அப்படி ஒரு தோட்டத்துக்குப் போனேன். வெள்ளம் கொண்டு வந்த மணலும் கூழாங்கல்லும் வேர் இடுக்கெல்லாம் அடைந்து கிடந்தது. அந்த ஒரு வேலையில் நாலு பல் போனது. இப்போது அப்படிப்பட்ட இடத்தில் முதலில் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துத் தூரைச் சுற்றி ஒரு முழத்துக்கு மண்ணை எடுத்து, தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்கிறேன். தோட்டக்காரர் அதற்கு ஆள் விட்டால்தான் வண்டியை எடுப்பேன். வேலியோரத் தூர் என்றால் முள்கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரம் கம்பியை விழுங்கி வளர்ந்திருக்கும், வெளியே தெரியாது.

ஆபத்து விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்லும் சிராயும் டிராக்டரின் இடப்பக்கம்தான் பறக்கும். அந்தப் பக்கம் தகட்டுக் கூடும், அதன் அடியில் தரையைத் தொடுகிற மாதிரி கன்வேயர் பெல்ட் ரப்பரும் தொங்கவிட்டிருக்கிறார். அப்படியும் இரண்டு பக்கமும் ஐம்பது அடிக்குள் யாரையும் நிற்கவிடுவதில்லை. மெஷின் புதுசு என்பதால் எங்கே போனாலும் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள். என்னுடன் வருகிற பையனுக்கு மண் தள்ளுவதை விட அவர்களை விலக்கி வைப்பதுதான் பெரிய வேலை. அவர்கள் ஒதுங்கினால்தான் பிடிஓவைப் போடுவேன்.

பிடிஓவையும் மெஷினின் மேல் ஷாப்டையும் இணைக்கிற கார்டன் ஷாப்டுக்குக் கூடு போட்டுத்தரவில்லை. இது பட்டறையின் பெரிய குறை. அந்த ஷாப்ட் நொடிக்கு ஒன்பது சுற்று சுற்றும். கட்டியிருக்கிற சாரத்தின் (லுங்கியின்) நுனி அதில் பட்டால் கையை எடுப்பதற்குள் ஆளைச் சுருட்டிவிடும். பிளாஸ்டிக் கூடு டிராக்டர் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கிறது, நானே வாங்கிப் போட்டேன். "எல்லாருமே கூடு இல்லாமத்தான ஓட்டுதாவ" என்றார் பட்டறைக்காரர். பல்லுக்கும் வட்டுக்கும் அவ்வளவு பார்க்கிற மனிதர் இதைச் சொல்லக் கூடாது என்று அவரிடமே சொன்னேன். நீங்கள் செய்யச் சொன்னால் கூடோடு சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். வேலையில் நிற்பவர்கள் பேண்ட்டும் ஷூவும் போட்டிருக்க வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான்.

இரண்டாவது குறை, சொன்ன தேதிக்கு வேலை முடியாது. ஆவணிக்குள் தருகிறேன் என்று அட்வான்ஸ் வாங்கினார். கையில் கிடைத்தது புரட்டாசி பாதியில். மானாவாரிக்காரர்கள் மழைக்கு முன்னால் நிலத்தைத் திருத்துகிற நேரம் அதுதான், எனக்குப் பேசி வைத்திருந்த வேலைகள் சில கைநழுவின. ஒரே ஆள் லேத்தும் பார்த்து, வெல்டிங்கும் வைத்து, நடுவில் வருகிற மோட்டார் வேலையையும் எடுத்தால் அப்படித்தான் ஆகும். வேலை சுத்தம், தேதி சுத்தம் இல்லை. இரண்டையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இந்தப் பட்டறை சரிப்படாது.

மூன்றாவது சின்னது. கீழ் பேரிங்குக்கு கிரீஸ் அடிக்கிற நிப்பிளை உள்பக்கமாக வைத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் கூட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. தூசியிலேயே ஓடுகிற பேரிங், தினமும் கிரீஸ் கேட்கும். திரும்பக் கொண்டுபோய்க் காட்டியதும் ஒரு செம்புக் குழாயை வளைத்து நிப்பிளை வெளியே கொண்டு வந்து தந்தார், காசு வாங்கவில்லை. பெயிண்ட் இப்போதே உரிகிறது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

செலவு: இரும்பு, ஷாப்ட், பேரிங், புல்லி, பெல்ட், பழைய சிலிண்டர், வைடியாப் பல், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 74,000 ரூபாய் ஆனது. வட்டுத் தகடு பழைய இரும்புக் கடையில் எடுத்தது. புதுத் தகடு என்றால் இன்னும் கூடும். பல் ஒன்று மாற்ற 300 ரூபாய். வெளிநாட்டில் இந்த வகை மெஷின் எழுபது வருடமாகவே ஓடுகிறது, அமெரிக்காவின் ஐயோவாவில் வெர்மீர் கம்பெனி 1950களிலேயே செய்து விற்றிருக்கிறது. அதையெல்லாம் இறக்குமதி செய்தால் நம் வாடகைக்குக் கட்டாது. கட்டினாலும் ஒரு பல் உடைந்தால் யாரிடம் போவது? எனக்குப் பல் உடைந்தால் பேட்டைக்கு பஸ் ஏறினால் போதும்.

நான் வாங்குகிற வாடகை குறுக்களவு ஒரு அங்குலத்துக்கு 25 ரூபாய், புளிக்கு 40. ஓர் அடித் தூர் 300 ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்தால் மணிக்கு ரொட்டவேட்டர் ஓட்டுகிற வருமானம்தான் இதிலும் வருகிறது, டீசல் மட்டும் சற்றுக் கூடுதல். ஆனால் தூர் எடுத்த நிலத்தில் அடுத்த உழவும் எனக்கே வருகிறது, பிளேடும் உடைவதில்லை. அந்த வகையில் போட்ட பணம் திரும்பிக்கொண்டிருக்கிறது.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். அரைத்த தூளை அப்படியே குழிக்குள் தள்ளி மூடாதீர்கள். பச்சை மரத்தூள் மண்ணுக்குள் மட்கும்போது அங்கே இருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். விதைத்தால் அந்த வட்டம் மட்டும் மஞ்சளாக நிற்கும். தூளை வாரித் தென்னை மூட்டைச் சுற்றி மேலாகப் பரப்புங்கள், குழிக்கு மேல்மண்ணும் தொழுவுரமும் போடுங்கள். அப்புறம், தூரை எடுத்ததோடு சீமைக்கருவேல் ஒழிந்தது என்று இருந்துவிட வேண்டாம். ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணியில் விதையைக் கொண்டு வந்து போட்டுக்கொண்டேதான் இருக்கும். சின்னதாக முளைக்கும்போதே கையால் பிடுங்குகிற வேலை வருடா வருடம் உண்டு. அதற்கு மெஷின் கிடையாது.

கரிமூட்டம் போடுகிறவர்கள் யாராவது தூர்க்கட்டையைத் தாங்களே தோண்டி எடுத்துக்கொள்கிறோம் என்று வந்தால், தயங்காமல் கொடுத்துவிடுங்கள். அவர்கள் கடப்பாரையால் கட்டையின் அளவுக்குத்தான் தோண்டுவார்கள், உங்களுக்கும் காசு வரும். என்னைக் கூப்பிட வேண்டியது அவர்கள் வராத இடத்துக்கு, வீட்டையும் சுவரையும் ஒட்டிய இடத்துக்கு, சீக்கிரம் உழ வேண்டிய நிலத்துக்கு.

சொந்தமாக மெஷின் செய்ய நினைக்கிறவர்கள் 35 குதிரைத்திறனுக்குக் குறைந்த வண்டியில் இந்த அளவு வட்டைப் போட வேண்டாம், 14 அங்குலத்துக்கு இறங்கிக்கொள்ளலாம். பட்டறையில் பேசும்போது நான்கு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பல் போல்ட்டில்தான் வேண்டும், கார்டன் ஷாப்டுக்குக் கூடு வேண்டும், கிரீஸ் நிப்பிள் வெளியே வேண்டும், நார்த்தடை வட்டு இரண்டு பக்கமும் வேண்டும். உபரியாக ஆறு பல்லையும் அப்போதே செய்து வாங்கி வண்டியின் டூல் பாக்ஸில் போட்டுக்கொள்ளுங்கள். புரட்டாசிக்கு வேண்டுமென்றால் சித்திரையிலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுவது நல்லது. பேட்டை வந்து லேத் சத்தத்தை வைத்து விசாரித்தால் யாரும் இடத்தைக் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டறை திறப்பதில்லை.